ஒட்டுறதுக்கு ஒரு இடம்

2019 மார்கழியில் நான் கீறிய முதல் மதில் படத்தின் மேல், பதினான்கு மாதம் கழித்து ஒரு காலையில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. நான் கீறியிருந்தது யாழ் மீட்டும் ஒரு பெண்ணை. அவளுடைய முகம் இருந்த இடத்தில் இப்போது எண்பத்து மூன்று வயதில் காலமான ஓர் அம்மாவின் முகம். கீழே தகனக் கிரியை நேரம், பிள்ளைகள் இருக்கும் நாடுகளின் பெயர்கள். பசை இன்னும் காயவில்லை.

சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய் நோட்டீசின் மூலையை நகத்தால் கிளப்பினேன். எதிர்வீட்டுப் படலையடியில் நின்ற ஐயா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, அதைக் கிழிக்காதேங்கோ. எட்டுச் செலவு மட்டுமாவது கிடக்கட்டும்" என்றார். எட்டாம் நாள் சடங்கு வரைக்கும். கையை எடுத்தேன். கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "படம் நல்லாத்தான் கிடக்கு. ஆனா நீங்கள் கீறினாப் பிறகு இந்த ஒழுங்கையிலை ஆரும் செத்தா எங்கை ஒட்டுறதெண்டுதான் தெரியேல்லை."

அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2021 தை 8ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். செய்தி கேட்டு வாசலில் கூடிய சனத்தோடு நானும் நின்றேன். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி திரும்பவும் அடிக்கல் வைக்கப்பட்டது, சித்திரையில் தூபி மறுபடி எழும்பியது. பொது இடத்தில் சனம் வைத்த ஒன்றைக் கேட்காமல் பறிப்பது எப்படிப்பட்ட காயம் என்று அந்த வாசலில் நின்று பேசியவள் நான். ஒரு மாதம் கழித்து ஒரு செத்த வீட்டு நோட்டீசை நகத்தால் கிளப்பிக்கொண்டு நிற்கிறேன். இரண்டும் ஒரே நிறை என்று சொல்லவரவில்லை. ஆனால் அந்த மதிலில் எனக்கு முன்பே என்ன இருந்தது என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீதியில் படம் கீற வருகிற தம்பி தங்கச்சிமார் இப்போது என்னிடம் வந்து பெயின்ற் பற்றியும் அனுமதி பற்றியும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரே மதிலில் இரண்டு முறை வேலை செய்தேன். முதல் முறை பிழையாகப் போனது எல்லாம் ஏன் பிழையாகப் போனது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும்.

நான் மருதனார்மடத்தில் சித்திரம் படித்தவள், இப்போது ஒரு பாடசாலையில் சித்திர ரீச்சர். எங்கள் ஊரில் இந்தப் படிப்புக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 1938இல் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் ஆர்ட் கிளப், பிறகு அ. மாற்கு மாஸ்டரிடம் பழகிய ஒரு தலைமுறை, அவர்களிடம் படித்தவர்கள் என்று அது வருகிறது. ஆனால் எனக்குக் கிடைத்த படிப்பு முழுக்கத் தாளும் கன்வஸும்தான். ஒழுங்கைக்குள் ஏணி வைத்து வேலை செய்வது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. 2019 கார்த்திகையில் சனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளையவர்கள் மதில்களில் படம் கீறத் தொடங்கினார்கள். அந்த அலை இங்கேயும் வந்தது. யாரோ பெயின்ற் வாங்கித் தந்தார்கள். நானும் மூன்று பேரும் நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் நாற்பதடி நீளமான ஒரு மதிலைப் பிடித்தோம். வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில். திறப்பை வைத்திருந்த உறவுக்காரர் "ஓம், கீறுங்கோ" என்றார். அவ்வளவுதான் அனுமதி.

அந்த மதிலில் அப்போது டியூசன் வகுப்பு நோட்டீஸ், கோயில் திருவிழா நோட்டீஸ், இரண்டு மூன்று கண்ணீர் அஞ்சலி, அவற்றின் கீழே பழையவற்றின் கிழிசல்கள் எல்லாம் இருந்தன. நிலத்தில் இருந்து மூன்றடி உயரத்தில் ஷெல் துண்டு பட்ட இரண்டு குழிகள். எல்லாவற்றையும் சுரண்டினோம். குழிகளுக்கு பில்லர் அப்பினோம். வெள்ளை அடித்தோம். மதிலைத் துப்புரவாக்கினோம் என்றுதான் பேசிக்கொண்டோம். பிறகு மூன்றே நாளில் பனை, மாட்டுவண்டி, யாழ் மீட்டும் பெண். வந்து படம் எடுத்தவர்கள் எல்லோரும் வெளியாட்கள். ஒழுங்கைச் சனம் பார்த்துவிட்டுப் போனது. அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் யாழ் இருந்ததில்லை. மாட்டுவண்டி இருந்த வீட்டுக்காரர் 1980களிலேயே வண்டியை விற்றுவிட்டார். படத்தில் இருந்தது யாழ்ப்பாணம் பார்க்க வருகிறவர்களுக்கான யாழ்ப்பாணம்.

அந்தப் படம் ஒரு வருடம்கூட ஒழுங்காக நிற்கவில்லை. 2020 மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்து ஊரெல்லாம் வெள்ளம். தண்ணீர் வற்றியபின் போய்ப் பார்த்தால் மதிலின் கீழ் இரண்டடியில் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை விரலால் அமர்த்தினேன். அப்பளம் மாதிரி நொருங்கி விழுந்தது. அதன் பின்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாக ஒரு தூள். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், எங்கள் ஊரில் மதில் படங்கள் பழுதாக முதல் காரணம் இதுதான். எங்கள் பழைய மதில்கள் சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டியவை. அவை அடியில் இருந்து தண்ணீரை உறிஞ்சும், காற்றுப் பட்டு அதை வெளியே விடும். தண்ணீரோடு நிலத்து உப்பும் கரைந்து மேலே ஏறும். மேலே இமல்சன் பெயின்ற் பூசிவிட்டால் அது ஒரு பிளாஸ்ரிக் தோல் மாதிரிப் படிந்துகொள்கிறது. தண்ணீருக்கு வெளியேற வழி குறைகிறது. தோலுக்குப் பின்னால் உப்புப் பளிங்காகி அந்தத் தோலைத் தள்ளுகிறது. எனாமல் பூசினால் இன்னும் மோசம். எவ்வளவு விலை கொடுத்த பெயின்றாக இருந்தாலும் இதே கதிதான்.

மதிலைத் தெரிவுசெய்யும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பொலித்தீன் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் ரேப்பால் இறுக்கி மதிலில் ஒட்டிவிடுங்கள். கீழே ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் அந்த மதில் இன்னும் தண்ணீர் விடுகிறது என்று அர்த்தம். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் ஒரு மாதமாவது ஆறவிடாமல் தொடவேண்டாம்.

நிறங்களும் ஒரு பாடம் சொல்லித்தந்தன. யாழ்க்காரியின் சேலைக்கு அடித்த பளிச்சென்ற சிவப்பு ஒரு வெயில் காலத்திலேயே வெளிறி, கழுவின துணி மாதிரிப் போனது. அதே வெயிலில் வண்டிச் சில்லுக்குப் போட்ட காவி அப்படியே நின்றது. காவி, மஞ்சள் மண் எல்லாம் இரும்பு கலந்த மண் நிறங்கள். வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. பளபளப்பான சிவப்பும் ரோசாவும் முதலில் போகும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன்தான். ஆனால் கடையில் சாம்பிள் அட்டையைப் பார்த்தபோது நினைவு வரவில்லை.

நோட்டீஸ் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த மதிலில் கைவைக்கவில்லை. அந்த ஒழுங்கை வாசிகசாலைக்குப் பின்னேரங்களில் போய் இருக்கப் பழகினேன். முதலில் பேப்பர் பார்ப்பேன், பிறகு கதை. ஐயா வருவார், போர்ட் எழுதுகிற அண்ணை ஒருவர் வருவார், சின்னப் பெடியள் கரம் போர்ட் விளையாட வருவார்கள். ஆறேழு மாதம் போனபின் ஒருநாள் ஐயாதான் கேட்டார், "ரீச்சர், உந்த மதிலை இப்பிடியே விடப் போறீங்களோ?" என்று. அந்தக் கேள்வி அவர்கள் வாயில் இருந்து வரும்வரைக்கும் காத்திருந்தது நான் செய்தவற்றில் மிகச் சரியான காரியம்.

என்ன கீறுவது என்று வாசிகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தோம். இருபது பேர் வரை வந்தார்கள். ஒருவர் பிள்ளையாரைக் கீறச் சொன்னார். வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீடுகளும் இருக்கின்றன என்று இன்னொருவர் சொன்னார். பிறகு ஒரு அன்ரி, ஒழுங்கை முடக்கில் முன்பு இருந்த பொதுக் கிணற்றையும் துலாவையும் கீறலாம் என்றார். எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும்தான். மனத்துக்குள் துலாவின் சாய்வை வைத்துப் படத்தைப் பிரிக்கத் தொடங்கிவிட்டேன்.

கடைசி வாங்கில் இருந்த ஓர் அம்மா எழும்பினார். அறுபது வயது இருக்கும். "அந்தக் கிணத்திலை எங்கடை ஆக்களை அள்ள விட்டவையோ? வாளியைத் தொட விடேல்லை. குடத்தோடை நிண்டு, ஆரும் வந்து வாத்தாத்தான் தண்ணி. அதைக் கீறி வைச்சா நான் ஒவ்வொரு நாளும் அதைப் பாத்துக்கொண்டுதானே போகவேணும்" என்றார். குரல் உயரவில்லை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கிணறு சொன்ன அன்ரி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கிணறு வேண்டாம் என்று முடிவாகியது. அந்த அம்மா அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திராவிட்டால் நான் அந்தக் கிணற்றை அழகாகக் கீறியிருப்பேன், அது என் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய பிழையாக இருந்திருக்கும். கூட்டம் வைத்தால் யார் வரவில்லை என்று பாருங்கள். அவர்களுடைய வீட்டுக்கு நீங்களே போங்கள். அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் முதல் நாளே போயிருந்தேன், அதனால்தான் வந்தார். பழைய காலத்துப் பொருள் எதையும் மதிலில் ஏற்றும் முன், அது யாருக்குத் திறந்திருந்தது என்று கேட்கவேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் இதைச் சுற்றிப் போக முடியாது.

சைக்கிள் யோசனை அந்த அமைதிக்குப் பிறகு வந்தது. யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. அது 2022. பெற்றோல் வரிசை சந்தி தாண்டி நிற்கிற காலம், மூலையில் கிடந்த சைக்கிள்களை எல்லாரும் தூசு தட்டி எடுத்திருந்தார்கள். பேச்சு அதிலே இருந்து பழைய சைக்கிள்களுக்குப் போனது. பொருளாதாரத் தடை இருந்த 90களில் சைக்கிள்தான் எல்லாம். டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது, விறகு ஏற்றியது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிறகு 1995 ஐப்பசி 30. ஒரே இரவில் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்த நாள். எனக்கு அப்போது மூன்று வயது. அப்பாவின் றலி சைக்கிள் பாரில் துவாய் சுற்றி என்னை இருத்தி உருட்டிக்கொண்டு போனார்களாம். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு சைக்கிள் இருந்தது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சாமான்.

அப்போது எனக்கு 2004இல் பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட எங்கள் பொது நூலகம் திரும்பவும் எழும்பி நின்ற நேரம். அங்கே 'அகம் புறம்' என்ற பெயரில் ஓவியக் காட்சி. அதில் தா. சனாதனன் யாழ்ப்பாணத்து ஐந்நூறு வீடுகளில் இருந்து சேர்த்த பொருட்களை வைத்திருந்தார். பன்னிரண்டு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி ஒரு சின்னச் சாமானைக் காட்டி "உது எங்கடை வீட்டிலையும் கிடந்தது" என்றது இன்னும் காதில் நிற்கிறது. ஓவியர் தன் கையால் ஒன்றும் கீறாமல் கேட்டு வாங்கி வைத்தாலே போதும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது அதே வேலையை மதிலில் செய்ய நினைத்தேன். வீட்டுக்கு ஒரு சைக்கிள். அதில் என்ன ஏற்றியது என்று வீட்டுக்காரர் சொல்வார்கள், நான் கீறுவேன்.

முப்பத்தொரு வீட்டுக்குப் போனேன். தையல் மெசின் தலை, ஆட்டுக்குட்டி, சாமிப்படம், மாவிடிக்கிற உலக்கை, ஒரு கட்டுப் பள்ளிக்கூடக் கொப்பிகள், நடக்க ஏலாத மாமியார். கிணறு சொன்ன அன்ரியின் சைக்கிளில் இருந்தது கல்யாணக் கூறைப்பெட்டி. கடைசி வாங்கில் இருந்த அம்மாவின் சைக்கிளில் ஒரு குடம். "எங்கடை குடம். அதை விட்டிட்டு வர மனமில்லை" என்றார். மதிலின் நடுவில் அந்தக் குடத்தைப் போட்டேன்.

ஒரு வீட்டில் ஓர் அம்மா மகனுடைய சைக்கிளைக் கீறித்தரச் சொன்னார். மகனைத் தேடிக்கொண்டிருக்கிறார், பதினைந்து வருடத்துக்கும் மேலாக. முகம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சைக்கிளின் நிறம் மட்டும் சரியாக வரவேண்டும் என்றார். பழைய படம் ஒன்று கொண்டுவந்தார், கறுப்பு வெள்ளை. நான் மூன்று நீலம் கலந்து ஒரு பலகைத் துண்டில் பூசிக் கொண்டுபோனேன். வெயிலில் பிடித்துப் பார்த்து, இரண்டாவதைத் தொட்டார். யாரும் இல்லாமல் ஸ்ராண்டில் நிற்கிற சைக்கிள், கரியரில் ஒரு பாக். அதற்கு அருகில் வேறு ஒன்றும் வைக்கவில்லை.

இனி வேலை பற்றி. 2022இல் பெயின்ற் விலையைக் கேட்டுவிட்டுக் கடையில் இருந்து வெறுங்கையோடு திரும்பினேன். அந்த இல்லாமைதான் எனக்குச் சுண்ணாம்பைக் காட்டியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வெளி மதிலின் காவியும் வெள்ளையும் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் பிறந்ததில் இருந்து பார்க்கிறது. ஊர்க் கோயில்களுக்கு வெள்ளை அடிக்கிற அண்ணை ஒருவரைப் பிடித்து, அவரோடு ஒரு வாரம் ஒரு சின்னக் கோயிலில் கூட வேலை செய்தேன். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற விடும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிட்டப் போகக்கூடாது. சில நாள் ஊறவிட்டுப் பழைய சேலைத் துணியில் வடிக்கவேண்டும். பாலைவிடத் தடிப்பாக இருந்தால் வெடிக்கும். மதிலை முதலில் தண்ணீர் தெளித்து நனைக்கவேண்டும். ஒரு தடிப்புப் பூச்சுக்குப் பதிலாக மெல்லிய நான்கு பூச்சு.

பூசும்போது ஒன்றுமே தெரியாது. வெறும் தண்ணீர் தடவுகிற மாதிரி இருக்கும். முதல் நாள் நான் பயந்து இன்னும் கொஞ்சம் அப்பப் போனேன். அண்ணை கையைப் பிடித்தார். "பொறு பிள்ளை, அது வரும்." பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பினால் மதிலில் இருந்து வெள்ளை மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

நிறத்துக்குக் காவி, மஞ்சள் மண், கரி, சலவை நீலம். இவை நான்கும் சுண்ணாம்போடு ஒத்துப்போகும். நிறத்தூள் சுண்ணாம்பின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கையில் ஒட்டும், மழையில் கரையும். அதனால் நிறங்கள் மெத்தென்றுதான் இருக்கும். பளிச்சென்ற படம் வேண்டுமென்றால் சுண்ணாம்பு சரிவராது. எனக்கு அந்த மெத்தென்ற நிறம்தான் இந்த மதிலுக்குப் பொருந்தியதாகப் பட்டது. ஒன்று கவனம்: இமல்சனின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய படத்தை முழுக்கச் சுரண்டி எடுக்க எட்டு நாள் போனது. உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் திரும்ப மதிலுக்குள்தான் போகும். காய்ந்தபடியே பிறஷ்ஷால் தட்டி எடுக்கவேண்டும். நாங்கள் பில்லர் போட்டு மூடிய இரண்டு குழிகளும் வெளியே வந்தன. இந்த முறை மூடவில்லை.

வேலையை ஆனியில் தொடங்கினது என் பிழை. சோளகக் காற்று எழும்பிப் புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பூச்சில் ஒட்டியது, காற்று மதிலை வேகமாகக் காயவைத்தது. பாடசாலை கிழமையில் சில நாட்களே நடந்ததால் நேரம் கிடைத்தது, அதனால்தான் அப்போது தொடங்கினோம். காலை ஒன்பது மணிக்கு முன்னும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும் மட்டும் வேலை செய்தோம். உங்களால் முடிந்தால் மாரி முடிந்து தை, மாசி, பங்குனியில் செய்யுங்கள்.

கரண்ட் இல்லாத காலம், அதனால் புறொஜெக்டர் வைத்து மதிலில் படம் விழுத்தும் எண்ணம் சரிவரவில்லை. கட்டம் போட்டுப் பெரிசாக்கினோம். போர்ட் எழுதுகிற அண்ணை நீலத்தூளில் நூலைத் தோய்த்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால் நாற்பதடிக்கு ஒரே நேர்கோடு. நகரத்தில் கடைக்குக் கடை அவருடைய எழுத்துத்தான் ஒருகாலத்தில். டிஜிற்றல் பிறின்ற் வந்தபின் வேலை இல்லை. எழுத்தின் உயரத்துக்கு அவர் சொன்ன கணக்கை இன்றைக்கும் பாவிக்கிறேன்: பத்தடி தூரத்தில் நின்று வாசிக்க ஒரு அங்குலம், முப்பதடிக்கு மூன்று அங்குலம். "மோட்டச்சைக்கிளிலை போறவனுக்கு மூண்டு நிமிசம் இல்லைப் பிள்ளை, மூண்டு செக்கன்" என்றார். அதனால் தூரத்தில் இருந்து பார்க்கப் பெரிய வடிவம் ஒன்று, கிட்ட நின்று பார்க்கச் சின்ன விபரம் என்று இரண்டும் வைத்தேன். நடந்து போகிற பிள்ளைகளுக்காக அவர்களுடைய கண் உயரத்தில் ஆட்டுக்குட்டி. மதிலுக்குப் படம் போடுகிறவர்கள் இந்த மாதிரி ஒரு அண்ணையைக் கட்டாயம் தேடிப் பிடியுங்கள், அவருக்குக் கூலியும் கொடுங்கள்.

கூலி பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். "சும்மா ஒருக்கால் கீறித் தாங்கோ" என்று கேட்பார்கள். ஊருக்காகத்தானே என்பார்கள். நான் வைத்திருக்கிற கணக்கு, அந்த ஊரில் மேசனின் ஒரு நாள் கூலி என்னவோ அதுவே என்னுடையதும். அதைக் கேட்கும்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அதற்கு மேல் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை அடுத்த வருடத் திருத்த வேலைக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைப்பேன். இந்த மதிலுக்கு ஒழுங்கையின் வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். இரண்டு பேர் தங்கள் பெயரை 'உபயம்' என்று எழுதவேண்டும் என்றார்கள். கொஞ்சம் இழுபறிதான். கடைசியில் 'உபயம்: ஒழுங்கை ஆக்கள்' என்று அண்ணை தன் பழைய எழுத்தில் எழுதினார். ஒருவர் கோபித்துக்கொண்டார், பிறகு சரியாகிவிட்டார்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மதிலின் சொந்தக்காரரிடம் நேரடியாக. திறப்பு வைத்திருப்பவர் போதாது. கனடாவில் இருந்தவரிடம் வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, கையெழுத்திட்ட கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கிராம சேவகருக்கும் உள்ளூராட்சி சபைக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். வேலை நடக்கும்போது சீருடையில் இரண்டு பேர் வந்து இது என்ன படம், யார் சொல்லிக் கீறுகிறீர்கள் என்று கேட்டார்கள். மாவீரர் நினைவோடு சேர்த்துப் பார்க்கப்படுகிற கார்த்திகைப் பூவைக் கீறினாலே கேள்வி வருகிற ஊர் இது. கடிதங்களைக் காட்டினேன். அதைவிட, ஒழுங்கையில் இருந்து எட்டுப் பத்துப் பேர் வந்து பக்கத்தில் நின்றார்கள். ஒவ்வொருவரும் தங்கள் சைக்கிளைக் காட்டிக் கதை சொல்லத் தொடங்க, வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். முதல் படத்துக்கு அப்படி ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள்.

சாரத்தில் ஏறி நிற்கிற பெண்ணை ஒழுங்கை முதல் இரண்டு நாளும் ஒரு மாதிரித்தான் பார்த்தது. மூன்றாம் நாள் எதிர்வீட்டு அன்ரி "பிள்ளை, பாத்ரூமுக்கு எங்கடை வீட்டை வாரும்" என்றார். தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன், இந்த ஏற்பாட்டை முதலே செய்துகொள்ளாமல் நாள் முழுக்க வீதியில் வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து எனக்கு முதல் முறை காய்ச்சல் வந்தது.

ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். நாற்பதடியில் ஆறடி அகலத்தை நான் கீறவில்லை. ஒழுங்கை சந்தியில் ஏறுகிற முனை அது, எல்லோரும் திரும்புகிற இடம். வெறும் வெள்ளை, சுற்றிவரக் காவியில் கரை. மேலே ஒன்றும் எழுதவில்லை. கூடப் படித்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நல்ல இடத்தை வீணாக்கிவிட்டாய் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறந்தவரின் முகத்தைச் சந்தியில் ஒட்டி ஊருக்குச் சொல்வது இந்த ஒழுங்கையின் வழக்கம். அதுவும் பொது இடத்தில் முகம் வைப்பதுதான், சிலை மாதிரி. முத்திரைச் சந்தியில் 1974இல் வைத்த சங்கிலியன் சிலையை எடுத்துவிட்டு 2011இல் புதிது வைத்தபோது எழுந்த சர்ச்சை எனக்கு நினைவிருக்கிறது. மன்னனுக்கு அவ்வளவு பேசிய ஊரில், ஒழுங்கை அம்மா ஒருவருக்கு எட்டு நாள் இடம் வேண்டும்.

முதல் மாதமே டியூசன்காரர்கள் அந்த ஆறடியை நிரப்பிவிட்டார்கள். பெடியள் கோபப்பட்டார்கள். வாசிகசாலையில் பேசி ஒரு ஒழுங்கு வந்தது: மேல் பாதி செத்த வீட்டுக்கும் கோயில், சேர்ச் அறிவித்தலுக்கும், கீழ் பாதி மற்றவற்றுக்கு. எழுதி வைக்கவில்லை, ஆனால் நடக்கிறது. சுண்ணாம்பு என்பதால் நோட்டீசை உரிக்கும்போது மேல் படையோடு சேர்ந்து கழன்று வரும். வருடத்தில் இரண்டு தரம், தைப்பொங்கலுக்கு முன்பும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்பும், கரம் விளையாடுகிற பெடியள் ஒரு வாளி வடித்து வெள்ளை அடிப்பார்கள். சைக்கிள்களின் கீழ்ப்பக்கம் உப்பு இப்போதும் பூக்கிறது. காய்ந்த பிறஷ்ஷால் தட்டிவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பூச்சு. மகனுடைய சைக்கிள் நீலத்தை மட்டும் நானே போய்க் கலக்கிறேன். அந்தப் பலகைத் துண்டு என்னிடம் இருக்கிறது.

இப்போது யாழ் நகரத்துப் பண்ணைப் பகுதியில் ஒரு சனசமூக நிலையத்தார் தங்கள் மதிலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கடல் கிட்ட, உப்பு இன்னும் கூட. தைக்குப் பிறகுதான் வருவேன் என்று சொல்லிவிட்டு, பொலித்தீன் துண்டு இரண்டை மட்டும் கொடுத்து ஒட்டச் சொன்னேன். நேற்றுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கீழே உள்ளது முழுக்க வேர்த்திருக்கிறது, மேலே உள்ளது காய்ந்தே கிடக்கிறது. படத்தின் ஓரத்தில் பொலித்தீனுக்குப் பக்கத்தில் பாதி கிழிந்த நோட்டீஸ்கள் தெரிந்தன. சுரண்டித் துப்புரவாக்கி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம், நான் வந்து பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும், அது யார் யார் என்று மட்டும் கேட்டு வையுங்கள் என்று பதில் போட்டேன்.